மாக் டெஸ்ட் போதாது, வாசியுங்கள்

ஓ.இ.டி., ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வுகளுக்குத் தயாராகும் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

நாகர்கோவிலிலும் மதுரையிலும் வேலூரிலும் சென்னையிலும் நைட் டியூட்டி முடித்து வீடு வந்து, கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து எழுந்து, ரீடிங் பேப்பரோடு உட்காருகிறவர்கள் நீங்கள். பிரிட்டனிலோ அயர்லாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ வேலை கிடைத்தால் வீட்டுக் கடன் அடையும், தம்பி படிப்பான், அம்மாவுக்கு ஓய்வு கிடைக்கும் என்ற கணக்கெல்லாம் அந்தப் பேப்பருக்குப் பின்னால் இருக்கிறது. செவிலியர்களுக்கு ஆங்கில வாசிப்பு சொல்லித்தருவது என் வேலை. வார்டில் எதற்கும் கலங்காத, கைதேர்ந்த நர்ஸ்கள் ரீடிங் என்ற ஒரே பகுதியில் திரும்பத் திரும்பத் தடுக்கி நிற்பதைப் பார்த்துவருகிறேன். உழைப்பில் குறைவே இல்லை. அந்த உழைப்பு போய்ச் சேரும் இடம்தான் சரியில்லை. அதைச் சொல்லவே இந்த மடல்.

ரீடிங் பயிற்சி என்று நீங்கள் செய்வது என்ன? ஒரு மாக் டெஸ்ட்டை எடுக்கிறீர்கள். ஒரு மணி நேரம் வைத்து எழுதுகிறீர்கள். விடைப்பட்டியலைப் பார்த்து டிக் போடுகிறீர்கள். 24 என்றோ 26 என்றோ மார்க்கைக் குறித்துவைத்துவிட்டு மறுநாள் அடுத்த டெஸ்ட்டைத் திறக்கிறீர்கள். காய்ச்சல்காரருக்கு அரை மணிக்கு ஒரு தரம் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டே இருந்தால் காய்ச்சல் இறங்காது என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாக் டெஸ்ட் உங்கள் வாசிப்பை அளக்கும், வளர்க்காது. வாசிப்பு வளர வேண்டுமானால் நிறைய வாசிக்க வேண்டும். தவறிய விடைகளுக்குத் திரும்பிப் போய், ஏன் தவறினோம் என்று பார்க்க வேண்டும். நான் சொல்லப்போவது எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

முதலில், இந்தத் தேர்வுகள் உங்களிடம் என்ன கேட்கின்றன என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐயெல்ட்ஸ் அகாடமிக் ரீடிங்கில் மூன்று பாடங்கள், 40 கேள்விகள், 60 நிமிடங்கள். மூன்று பாடங்களும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரை இருக்கும். ஒரு விடைக்கு ஒரு மார்க். தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. சுமார் 30 விடைகள் சரியானால் பேண்ட் 7 வரும். 23 சரியானால் பேண்ட் 6. ஓ.இ.டி. ரீடிங்கிலும் 60 நிமிடங்கள்தான், கேள்விகள் 42. பார்ட் ஏ-யில் ஒரே மருத்துவத் தலைப்பில் நான்கு சிறு பாடங்கள், 20 கேள்விகள், 15 நிமிடங்கள். கேள்விக்கு 45 விநாடி. அந்த 15 நிமிடம் முடிந்ததும் அந்தப் பகுதி மூடிவிடும். திரும்பிப் போக முடியாது. மீதி 45 நிமிடத்தில் பார்ட் பி-யும் சி-யும். பி-யில் மருத்துவமனைக்குள் புழங்கும் சுற்றறிக்கை, வழிகாட்டுதல், கருவிக் கையேடு போன்ற ஆறு சிறு பத்திகள். சி-யில் ஏறக்குறைய 800 சொற்கள் கொண்ட இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கேள்விகள். பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. கேட்பது ரீடிங்கில் ஓ.இ.டி. என்றால் 'பி' கிரேடு, அதாவது 350; ஐயெல்ட்ஸ் என்றால் 7. மற்ற நாடுகளின் விதி வேறு, விதிகள் மாறவும் செய்யும். ஆகவே நீங்கள் போக நினைக்கும் நாட்டு கவுன்சிலின் அறிவிப்பை நீங்களே திறந்து பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இந்த எண்களில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஐயெல்ட்ஸில் பத்துக் கேள்விகள் தவறினாலும் 7 கைக்கு எட்டும். எல்லாமே சரியாக வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். தவறான விடைக்கு மார்க் குறையாது என்பதால், எதையும் காலியாக விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள்.

இன்னொன்று, வேகம். நிமிடத்துக்கு 100 சொற்கள் வாசிப்பவர் 2,750 சொற்களை ஒருமுறை வாசித்து முடிக்கவே 27 நிமிடத்துக்கு மேல் ஆகும். கேள்விகளைப் படிக்க, திரும்பத் தேட, விடை எழுத அவருக்கு அரை மணி நேரம்தான் மிச்சம். நிமிடத்துக்கு 150 சொற்கள் வாசிப்பவருக்கு அதே வேலை 18 நிமிடத்தில் முடிந்து 42 நிமிடம் கையில் நிற்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்கள் கட்டுரை வகை எழுத்தை நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்கள் வாசிக்கிறார்கள் என்று 2019இல் மார்க் பிரிஸ்பர்ட் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். நமக்கு அந்த வேகம் தேவையில்லை. 150க்கும் 180க்கும் நடுவே வந்தால் போதும், நேரப் பற்றாக்குறை பெருமளவு தீர்ந்துவிடும். 'டைம் பத்தல மேடம்' என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் பற்றாதது இந்த வேகம்தான்.

வேகத்துக்குக் குறுக்குவழி விற்பவர்கள் உண்டு. ஒரு பார்வையில் ஒரு பத்தியை விழுங்கலாம், மூன்று நாளில் வேகத்தை மூன்று மடங்கு ஆக்கலாம் என்பார்கள். கண் அசைவை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த கீத் ரேனரும் அவருடைய சகாக்களும் இந்த ஸ்பீட் ரீடிங் உறுதிமொழிகளை அலசி 2016இல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வேகத்தை அப்படிக் கூட்டினால் புரிதல் குறையும். மொழியில் தேர்ச்சி கூடுவதால் மட்டுமே இரண்டும் சேர்ந்து வளரும் என்பதே அவர்கள் கண்ட முடிவு. அந்தத் தேர்ச்சி வருவதற்கு எளிமையான வழி ஒன்று உண்டு. உங்களுக்கு ஏறக்குறைய எல்லாச் சொல்லும் தெரிந்த, சுலபமான ஆங்கிலப் பாடத்தை எடுத்துக் கடிகாரம் பார்த்து வாசியுங்கள். எத்தனை சொல், எத்தனை நிமிடம் என்று குறித்து வையுங்கள். கடினமான பாடத்தில் வேகம் பழக முடியாது. தெரிந்த சொற்களைக் கண் தயங்காமல் அடையாளம் கண்டுகொள்ளப் பழகிய பிறகே, தெரியாத சொல்லை யோசிக்க மூளைக்கு நேரம் கிடைக்கும். மருத்துவக் கட்டுரைகளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, சிறுவர்களுக்கான அறிவியல் கட்டுரைகளே இதற்குப் பொருத்தமானவை. 'நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள், இதையா வாசிப்பது' என்று கூச்சப்படாதீர்கள்.

சொற்களுக்கு வருகிறேன். நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன், சொல்வளத்துக்கும் வாசிப்புக்கும் உள்ள உறவைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். ஒரு பாடத்தைத் துணையில்லாமல் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவரும் ஹூ என்பவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. 98 சதவீதம் என்றால் 50 சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். 95 சதவீதம் என்றால் 20 சொல்லுக்கு ஒன்று, கிட்டத்தட்ட இரண்டு வரிக்கு ஒரு தடங்கல். கேட்க சிறிய வித்தியாசம் மாதிரி தெரியும். வாசித்துப் பார்த்தால் ஒன்று நடை, மற்றொன்று தட்டுத் தடுமாறல்.

இங்கே உங்களுக்கு ஒரு பலமும் ஒரு பலவீனமும் சேர்ந்தே இருக்கின்றன. செப்சிஸ், எடிமா, ஆன்டிகோயாகுலன்ட் போன்ற சொற்கள் உங்களைப் பயமுறுத்துவதில்லை. பொறியியல் படித்தவர் அங்கே திணறுவார். நீங்கள் திணறுவது வேறு இடத்தில். அட்ரிப்யூட், அண்டர்மைன், அட்வகேட், ரெலக்டன்ட், டிஸ்மிஸ் போன்ற பொதுச் சொற்கள், அதாவது எழுதியவர் என்ன நினைக்கிறார், எதை ஏற்கிறார், எதைச் சந்தேகிக்கிறார் என்று காட்டும் சொற்கள் உங்களுக்குப் பழக்கமில்லை. ஓ.இ.டி. பார்ட் சி-யின் கேள்விகளில் பல இவற்றின் மேல்தான் நிற்கின்றன. 2000இல் அவெரில் காக்ஸ்ஹெட் தொகுத்த அகாடமிக் வேர்ட் லிஸ்ட்டில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. கல்வித்துறை சார்ந்த எழுத்தில் பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் அந்தப் பட்டியலிலிருந்து வருகிறது. புதிய மருத்துவச் சொற்களை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு இந்தப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் பட்டியலாக உருப்போடாமல், நீங்கள் வாசித்த வாக்கியத்தோடு சேர்த்து நோட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்தது வாக்கியம். சொல்லெல்லாம் தெரிந்தும் வாக்கியம் புரியவில்லை என்று என்னிடம் வருபவர்கள் அதிகம். அதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் விளக்கம் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்துவிடும், வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வரும், விளக்கம் அதன் பின்னால் தொங்கும். ஒரு மருந்தின் பெயர் வாக்கியத்தின் தலையில் வருகிறது. உடனே ஒரு கமா. பிறகு அது எந்த ஆண்டு சந்தைக்கு வந்தது, எந்த நாட்டில் தடைசெய்யப்பட்டது, குழந்தைகளிடம் என்ன பக்கவிளைவு என்று ஒன்றரை வரி. மறுபடி ஒரு கமா. அதற்கும் பிறகுதான் 'பெரும்பாலும் பெரியவர்களுக்கே எழுதிக்கொடுக்கப்பட்டது' என்ற வினை வருகிறது. அது வருவதற்குள் எதைப் பற்றிப் பேசினோம் என்பதே மறந்துபோய், வினைக்கு மிக அருகில் இருக்கும் 'குழந்தைகள்' என்ற சொல்லோடு அதை ஒட்டிவிடுகிறோம். பொருள் தலைகீழாகிவிடுகிறது. இதற்கு மருந்து: நீண்ட வாக்கியத்தைக் கண்டதும் பென்சிலால் தலைப்பெயரையும் அதற்குரிய வினையையும் கோடிட்டு இணையுங்கள், நடுவில் உள்ளதை அடைப்புக்குள் போடுங்கள். யார், என்ன செய்தார் என்று முதலில் படியுங்கள். அடைப்புக்குள் இருப்பதை இரண்டாவது முறை படியுங்கள். தொடர்ந்து செய்துவந்தால் பென்சில் இல்லாமலே கண் இதைச் செய்யத் தொடங்கும்.

இனி, படித்த நர்ஸ்களே அதிகம் ஏமாறும் இடத்தை ஓர் உதாரணத்தோடு காட்டுகிறேன். ஐயெல்ட்ஸில் 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' என்று ஒரு கேள்வி வகை உண்டு. கீழே உள்ள பத்தியை நிதானமாகப் படியுங்கள்.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. பிராட் தெருவிலிருந்த தண்ணீர்ப் பம்பே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ சந்தேகித்தார். செப்டம்பர் 8ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்பே நோயின் வேகம் தணியத் தொடங்கியிருந்ததை ஸ்னோவே பதிவுசெய்திருக்கிறார். அதே தெருவிலிருந்த மது ஆலையின் தொழிலாளர்கள் எவரும் காலராவால் இறக்கவில்லை. ஆலைக்குள் ஒரு தனிக் கிணறு இருந்தது.

இப்போது மூன்று கூற்றுகள். ஒன்று: கைப்பிடி கழற்றப்பட்ட பிறகே நோய் தணியத் தொடங்கியது. இரண்டு: ஆலைத் தொழிலாளர்கள் பிராட் தெருப் பம்பின் தண்ணீரைக் குடித்ததே இல்லை. மூன்று: மது ஆலைக்குச் சொந்த நீர் ஆதாரம் இருந்தது.

மூன்றாவது ட்ரூ, அதில் குழப்பமில்லை. முதல் கூற்றுக்கு என் வகுப்பில் பலர் ட்ரூ என்று எழுதுவார்கள். கம்யூனிட்டி ஹெல்த் பாடத்தில் ஜான் ஸ்னோவைப் படித்திருக்கிறார்கள். கைப்பிடியைக் கழற்றியதும் காலரா நின்றது என்று மனத்தில் பதிந்திருக்கிறது. ஆனால் பத்தி அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஆகவே ஃபால்ஸ். இரண்டாவது கூற்றுக்கும் பலர் ட்ரூ போடுவார்கள். தனிக் கிணறு இருந்தது, யாரும் சாகவில்லை, அப்படியானால் பம்புத் தண்ணீரைக் குடித்திருக்க மாட்டார்கள் என்பது நியாயமான ஊகம்தான். ஆனால் குடித்தார்களா இல்லையா என்று பத்தி சொல்லவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குடித்திருக்கலாம். பத்தி சொல்லாததால் விடை நாட் கிவன்.

இரண்டு தவறுகளும் வேறு வேறு வகை என்பதைக் கவனியுங்கள். முதலாவதில் உங்களுக்கு முன்பே தெரிந்தது, பாடம் சொன்னதை மறைத்துவிட்டது. இரண்டாவதில் நீங்கள் பாடத்துக்கு மேல் ஒரு படி போய்விட்டீர்கள். அறிவாளிகளுக்கே வரும் தவறுகள் இவை. ஆனால் 'ஃபால்ஸ் போட்டிருக்க வேண்டும்' என்று டிக் போட்டுவிட்டு அடுத்த டெஸ்ட்டுக்குப் போனால், எந்த வகைத் தவறு என்பதே தெரியாமல் நூறு தடவை அதையே செய்வீர்கள்.

ஓ.இ.டி. பார்ட் பி-யிலும் இதே கண்ணி. ஒரு சுற்றறிக்கை: 'திறந்த இன்சுலின் குப்பிகளில் திறந்த தேதி எழுதப்பட்டிருக்க வேண்டும். தேதி இல்லாத குப்பி கண்டால் அதைப் பயன்படுத்தாமல் மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்பி, பொறுப்பு செவிலியரிடம் தெரிவிக்கவும்.' கேள்வி: தேதி இல்லாத குப்பியைப் பார்க்கும் செவிலியர் என்ன செய்ய வேண்டும்? விடைகளில் ஒன்று 'அப்புறப்படுத்த வேண்டும்' என்றிருக்கும். உங்கள் வார்டில் அதுதான் வழக்கம் என்றால் கை தானாக அங்கே போகும். பத்தியோ திருப்பி அனுப்பச் சொல்கிறது. இந்த உதாரணம் நானே எழுதியது. தேர்வில் வரும் பத்திகளின் சாயல் இப்படித்தான். அங்கே கேட்பது உங்கள் மருத்துவமனையின் வழக்கத்தையும் இல்லை, எது சிறந்தது என்ற உங்கள் கருத்தையும் இல்லை. இந்தத் தாள் என்ன சொல்கிறது என்பதை மட்டுமே.

இது தேர்வுக்காக மட்டும் வைத்த தந்திரம் என்று நினைக்க வேண்டாம். ஓ.இ.டி. 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் உருவானது; மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் டிம் மக்நமாரா அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். வெளிநாட்டிலிருந்து வரும் மருத்துவப் பணியாளர், பணியிடத்தில் எதிர்கொள்ளும் மொழியைக் கையாள முடியுமா என்று பார்ப்பதே அதன் நோக்கம். புதிய மருத்துவமனைக்குப் போன முதல் வாரம், அங்குள்ள இன்சுலின் விதியும் ஊரில் பழகிய விதியும் வேறாக இருக்கும். பழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாளில் உள்ளதைப் படிக்கத் தெரிந்த நர்ஸ்தான் நோயாளிக்குப் பாதுகாப்பு. அந்தத் திறனையே இந்தக் கேள்விகள் தேடுகின்றன.

சரி, என்ன செய்வது? ஒரு பாடத்தை எப்படி முழுமையாகப் பயன்படுத்துவது என்று சொல்கிறேன்.

பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நேரம் பார்த்துக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள், விடைப்பட்டியலைத் திறக்காதீர்கள். இரண்டாம் நாள் அதே பாடத்தை நேரம் பார்க்காமல், அகராதியோடு, வாக்கியம் வாக்கியமாகப் படியுங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி சொல்வதை ஒரே வரியில் தமிழில் எழுதுங்கள். ஆம், தமிழில். நீங்கள் ஆங்கில வார்த்தைகளையே பிரதியெடுத்து எழுதினால் புரிந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது. தமிழில் எழுத வராவிட்டால் புரியவில்லை என்று உடனே தெரிந்துவிடும். பத்திகளுக்குத் தலைப்பு பொருத்தும் மேட்சிங் ஹெடிங்ஸ் கேள்விகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி நான் அறிந்து வேறில்லை. பிறகு அதே கேள்விகளுக்கு இன்னொரு முறை விடை எழுதுங்கள். ஒவ்வொரு விடைக்கும் பாடத்தில் ஆதாரம் எந்த வரி என்று கோடிடுங்கள். கோடிட வரி கிடைக்காவிட்டால் அது ஊகம். மூன்றாம் நாள்தான் விடைப்பட்டியல்.

முதல் நாள் தவறி இரண்டாம் நாள் சரியானவை வேகம், பதற்றம் சம்பந்தப்பட்டவை. இரண்டு நாளும் தவறியவை புரிதல் சம்பந்தப்பட்டவை. இரண்டுக்கும் மருந்து வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக '24 மார்க்' என்று எழுதுவதில் பயன் ஒன்றுமில்லை.

தவறுகளுக்கென்று தனி நோட்டு ஒன்று போடுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள்: சொல் தெரியவில்லை, வாக்கியம் பிடிபடவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, சொந்த அறிவு புகுந்தது, ஊகம் செய்தேன், ஸ்பெல்லிங், நேரம் போதவில்லை. சில வாரங்களில் உங்களுடைய முகம் அதில் தெரியும். ஒருவருக்குப் பாதித் தவறுகள் கேள்வியைச் சரியாகப் படிக்காததால் வரும்: ஆல், மோஸ்ட், ஒன்லி, ஆல்வேஸ் போன்ற சின்னச் சொற்களை விட்டுவிட்டிருப்பார். இன்னொருவருக்கு ஸ்பெல்லிங். ஓ.இ.டி. பார்ட் ஏ-யில் எழுத்துப்பிழை இருந்தால் மார்க் கிடையாது. பாடத்தில் கண்ணெதிரே இருக்கும் சொல்லைப் பிழையில்லாமல் எடுத்தெழுதுவது வெறும் கவனம் சம்பந்தப்பட்டது. ஐயெல்ட்ஸில் இரண்டு சொல்லுக்கு மேல் எழுதாதே என்று சொன்ன இடத்தில் மூன்று எழுதினாலும் மார்க் போய்விடும். இவற்றைத் திருத்துவது சுலபம். இருப்பதே தெரியாமல் இருந்தால்தான் கஷ்டம்.

கேள்வியைப் படித்து அதிலுள்ள கீவேர்டைப் பாடத்தில் தேடு என்று சொல்லித்தரும் இடங்கள் இருக்கின்றன. பெயர், ஆண்டு, அளவு தேட அது உதவும். பார்ட் ஏ-யில் அவசியமும்கூட. ஆனால் மற்ற கேள்விகளை எழுதுபவர்கள் வேண்டுமென்றே பாடத்தின் சொல்லை மாற்றி வேறு சொல்லில்தான் கேட்பார்கள். அதே சொல் தென்படும் இடம் பல நேரம் தவறான விடைக்குக் கொண்டுபோகும். ஐயெல்ட்ஸில் ட்ரூ ஃபால்ஸ் கேள்விகளும் வாக்கியத்தை நிரப்பும் கேள்விகளும் பாடத்தின் வரிசையிலேயே வரும். மேட்சிங் ஹெடிங்ஸுக்கும் எந்தப் பத்தியில் எந்தத் தகவல் என்று கேட்பவற்றுக்கும் அந்த வரிசை இல்லை. இப்படிப்பட்ட விவரங்களை ஒரே நாளில் கற்றுவிடலாம். மீதி எல்லா நாளும் வாசிப்புக்கே போக வேண்டும்.

என்ன வாசிப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் ஃபேக்ட் ஷீட்டுகள் இலவசம். ஒரு நோய்க்கு ஒன்று, அளவாக எழுதப்பட்டவை. பிரிட்டனின் என்.எச்.எஸ். நோயாளிகளுக்காக எழுதியிருக்கும் பக்கங்கள் எளிமையானவை; வேகப் பயிற்சிக்கு ஏற்றவை. அந்நாட்டு நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல்கள் கடினம். பார்ட் பி-யின் மொழி அங்கே இருக்கிறது. பார்ட் சி-க்கும் ஐயெல்ட்ஸுக்கும் 'தி கான்வர்சேஷன்' கட்டுரைகள் நல்லவை. பேராசிரியர்கள் பொது வாசகருக்காக எழுதுபவை, ஒரு கருத்தை எடுத்து வாதிடுபவை. 'தி இந்து' தலையங்கம் தினம் ஒன்று படிக்கலாம். தேர்வு வினாக்களுக்குக் கேம்பிரிட்ஜ் வெளியிடும் ஐயெல்ட்ஸ் நூல்களையும் ஓ.இ.டி. அமைப்பே இலவசமாகத் தரும் மாதிரித் தேர்வுகளையும் மட்டும் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பி.டி.எஃப்.களில் விடைகளே தவறாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதம் வரப்போகும் கேள்வி என்று பணம் வாங்கிக்கொண்டு தாள் விற்பவர்களைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். பணம் போவதோடு நிற்காது. முறைகேடு என்று வந்தால் உங்கள் பதிவுக்கே ஆபத்து.

டியூட்டி பார்ப்பவர்களுக்குத் தினம் இரண்டு மணி நேரம் என்று சொல்வது நடக்காத காரியம். தினம் 20 நிமிடம் வாசிப்பு, அதை விடாதீர்கள். போக வர பஸ்ஸில்கூட முடியும். அதில் வாரம் இரண்டு நாள் எளிய பாடத்தில் வேகப் பயிற்சி. வார விடுமுறையையொட்டி ஒரு பாடத்தை மேலே சொன்னபடி மூன்று நாளில் முடியுங்கள். முழு மாக் டெஸ்ட் இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். தேர்வு நெருங்கும் கடைசி வாரங்களில் கூட்டிக்கொள்ளலாம். அப்போது அளப்பது அவசியம்தான். நைட் டியூட்டி முடிந்த காலையில் மாக் டெஸ்ட் எழுதாதீர்கள். தூக்கமில்லாத தலையில் வரும் மார்க்கை வைத்து உங்களையே எடைபோட்டு மனம் உடைந்துபோவீர்கள். அந்த நேரத்தில் எழுதும் விடையில் உங்கள் களைப்பு மட்டுமே தெரியும்.

தமிழில் வாசிப்பதையும் விட்டுவிடாதீர்கள். அந்நிய மொழியில் வாசிக்கத் திணறுவது மொழிச் சிக்கலா, வாசிப்புச் சிக்கலா என்று 1984இல் சார்லஸ் ஆல்டர்சன் என்ற ஆய்வாளர் கேட்டார். இரண்டுமே என்பதுதான் பின்வந்த ஆய்வுகள் பொதுவாகக் கண்ட விடை. மொழி போதாத நிலையில் மொழியே முதல் தடை, அதைத் தாண்டியபின் வாசிக்கும் பழக்கம் கைகொடுக்கிறது. செல்போனில் நாலு வரிச் செய்திகளை மட்டுமே படித்துப் பழகிய கண், எந்த மொழியிலும் 800 சொல் கட்டுரையில் பாதியில் அலைபாயும். ஒரு நீண்ட தமிழ்க் கட்டுரையை எழுந்திருக்காமல் படித்து முடிப்பதும் உங்கள் பயிற்சியின் ஒரு பகுதிதான். தேர்வு கணினியில் என்றால் திரையிலும் நீளமாக வாசித்துப் பழகுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தேர்வுக் கட்டணம் உங்கள் சம்பளத்தில் பெரிய தொகை. 'எழுதிப் பார்ப்போம், வந்தால் வரட்டும்' என்று தேதி போடாதீர்கள். இதுவரை பார்க்காத ஒரு முழு ரீடிங் தேர்வை, ஓய்வெடுத்த ஒரு நாளில், நேரத்துக்குள் எழுதிப் பாருங்கள். தேவையான மார்க்கைவிட மூன்று நான்கு கூடுதலாகத் தொடர்ந்து இரண்டு மூன்று தேர்வுகளில் வந்தால் தேதி போடுங்கள். வராவிட்டால் தவறு நோட்டைத் திறந்து பாருங்கள். அடுத்து என்ன படிக்க வேண்டும் என்று அது சொல்லும். கோச்சிங் சென்டரில் தினமும் டெஸ்ட் வைத்தால், தவறிய கேள்விகளை வகுப்பில் பாடத்தோடு ஒப்பிட்டு விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பணம் கட்டிப் படிக்கிற உங்களுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது. ஒருவர் விடை சொன்னதும் இன்னொருவர் 'எந்த வரியில் இருக்கிறது, காட்டு' என்று கேட்டால் ஊகங்கள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

வார்டில் ஒரு டோஸைக் கொடுக்கும் முன் டிரக் சார்ட்டை நீங்கள் எவ்வளவு கவனமாகப் படிக்கிறீர்களோ, அந்தக் கவனம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அதை நீண்ட பாடங்களுக்கும் கொண்டுவருவதற்கு நாளும் வாசிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. அந்த வழியில் வந்தவர்கள் மார்க் ஏறி, விமானம் ஏறியதையும் பார்த்திருக்கிறேன். நீங்களும் போவீர்கள். இன்றைக்கு டெஸ்ட் வேண்டாம். கடைசியாக எழுதிய தேர்வில் தவறிய ஒரு கேள்வியை எடுத்து, அதற்குரிய வரியைத் தேடிக் கோடிடுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

உங்கள் நலம் நாடும்,
உங்கள் ஆங்கில ஆசிரியை